சோபாவுக்குள் இருந்த சாக்கு



கொஞ்ச நாளாகவே நம் மாணவர்கள் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "படிப்பகத்துக்கு எதுக்கு சோபா?" சிலர் சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள், சிலர் உண்மையான கோபத்தோடு கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறோம். செய்முறையும் செலவுக் கணக்கும் இதில் இருக்கின்றன. நாங்கள் செய்த இரண்டு தவறுகளும் இருக்கின்றன. தவறுகளைப் படிக்காமல் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பாகூர் கொம்யூனில் ஒரு காலனியில், சமுதாயக் கூடத்தை ஒட்டிய ஒற்றை அறையில் எங்கள் படிப்பகம் நடக்கிறது. மாலை ஆறு மணிக்குத் திறந்தால் மூட ஒன்பது ஆகும். முப்பது பிள்ளைகள் வரை வருவார்கள். ஆறு கோரைப்பாய், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு அலமாரி, சுவரில் பாபாசாகேப் படம். இவ்வளவுதான் எங்கள் சொத்து.

அந்த நான்கு நாற்காலியும் யாருக்கு? இப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்களுக்கு வெகுநாள் தெரியவில்லை. பிள்ளைகள் பாயில் உட்காருவார்கள். அழைத்துப்போக வரும் அம்மாக்களும் ஆயாக்களும் வாசற்படியில் உட்காருவார்கள். வெளியிலிருந்து ஆசிரியரோ, அதிகாரியோ, பக்கத்து ஊர்த் தோழரோ வந்தால் அலமாரிப் பக்கம் அடுக்கி வைத்திருக்கும் நாற்காலியை எடுத்துத் துடைத்துப் போடுவோம். அவர் போனதும் திரும்ப அடுக்கிவிடுவோம். இப்படி ஒரு விதியை யாரும் போடவில்லை. ஆனால் நான்கு வருடம் அது தவறாமல் நடந்தது.

வில்லியனூரில் ஒரு குடும்பம் வீடு காலி செய்கிறது, மூன்று பேர் உட்காரும் பழைய சோபாவை 1,500 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள் என்று தகவல் வந்தபோதுதான் இந்தப் பேச்சு தொடங்கியது. போய்ப் பார்த்தோம். சட்டம் தேக்கு. மேலே போட்டிருந்த ரெக்சின் உரிந்து செதில் செதிலாக நின்றது. நடு இருக்கை பள்ளமாகியிருந்தது. உட்கார்ந்தால் ஸ்பிரிங் குத்தியது. சரிசெய்ய ஒரு கடையில் கேட்டோம், அவர்கள் சொன்ன தொகைக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம்போல இருந்தது. நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. இருபது பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் பத்தாயிரம். அதற்குள் முடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டோம்.

கூட்டத்தில் சண்டைதான். "பத்தாயிரத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பு கைடு எத்தன வரும் தெரியுமா?" என்று கேட்டார் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர். நியாயமான கேள்வி. சமூகவியல் படித்த எங்களுக்கே உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. 1899ல் தோர்ஸ்டைன் வெப்லன் எழுதிய புத்தகத்தை வகுப்பில் படித்திருக்கிறோம். வசதி படைத்தவர்கள் பொருளைப் பயன்படுத்துவதற்காக மட்டும் வாங்குவதில்லை, காட்டுவதற்காகவும் வாங்குகிறார்கள் என்றார் அவர். நாமும் காட்டுவதற்குத்தான் வாங்குகிறோமா?

அன்றைக்குக் கூட்டத்தில் நாங்கள் வேறு மூன்று விஷயங்களை நினைவுபடுத்தினோம். அவற்றை இங்கேயும் சொல்ல வேண்டும்.

முதலாவது, 1930ல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது விதித்த எட்டுத் தடைகள். ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இவற்றோடு இன்னொன்று: வீட்டுக்குள் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. தெருவில் நடப்பதற்கு மட்டும் தடை போட்டு அவர்கள் நிற்கவில்லை. நம் அடுப்படிக்குள் என்ன பாத்திரம் இருக்கலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்யப் பார்த்தார்கள்.

இரண்டாவது, 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். காவல்துறை ஊருக்குள் புகுந்து ஆட்களை அடித்ததோடு போகவில்லை. டிவி, மின்விசிறி, தானியம் எல்லாவற்றையும் நாசம் செய்தது. வெளிநாட்டுக்கு உழைக்கப்போய் வந்த பணத்தில் சேர்த்த பொருள்கள் அவை.

மூன்றாவது, 2012 நவம்பர் 7, தர்மபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. பீரோவும் கட்டிலும் பைக்கும் கருகிக் கிடந்த படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம்.

நம் வீட்டில் இருக்கும் ஒரு பொருளுக்கு என்ன அர்த்தம் என்று அடிக்க வருகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் அதை ஆடம்பரம் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறோம். கைடும் வேண்டும், உட்கார இடமும் வேண்டும். இப்படிச் சொன்ன பிறகு கையெடுப்பு நடந்தது. தம்பி கடைசிவரை எதிர்த்தே கையெடுத்தார். ஆனால் தன் பங்கு 500 ரூபாயை மறுநாளே கொடுத்துவிட்டார். அது அவர் குணம்.

குட்டியானை வண்டியில் ஏற்றி, கரிக்கலாம்பாக்கம் வழியாகக் கொண்டுவந்தோம். காலனிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். டீக்கடைப் பக்கம் வண்டி மெதுவானபோது ஒருவர் குரல் கொடுத்தார்: "யாருக்குடா சோபா? கல்யாணமா?" வண்டியில் நின்றிருந்த பையன் "படிக்கறதுக்குண்ணே" என்றான். அவருக்கு அது புரியவில்லை. "சோபால படிக்கறீங்களா?" என்று சிரித்தார். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த நூறு மீட்டரைக் கடக்கும்வரை எங்களில் ஒருவரும் பேசவில்லை.

வேலை தெரிந்த ஒரு பெரியவர் எங்களுக்குக் கிடைத்தார். பாகூர்ப் பக்கம் இன்னொரு காலனிக்காரர். பாண்டியில் சோபா பட்டறைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், இப்போது கண் சரியாகத் தெரியாததால் வீட்டில் இருக்கிறார். "கூலி வாணாம், பிள்ளைங்களுக்குத் தானே" என்றார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சமூக வேலை என்ற பெயரில் நம் ஆட்களின் உழைப்பை இலவசமாக வாங்குவது பண்ணையார் செய்ததற்கு வெகுதூரம் இல்லை. நாளுக்கு 900 வீதம் மூன்று நாள் என்று பேசி முடித்தோம்.

முதல் நாள் பிரித்தோம். அவர் சொன்ன முதல் பாடம்: "கிழிக்காத. கழட்டு." பழைய துணிதான் புதுத்துணிக்கு அளவு. ஒவ்வொரு துண்டையும் முழுதாக எடுத்து, எந்த இடத்தில் இருந்தது என்று சாக்பீஸில் எழுதி, போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் துண்டு மேலே வருகிறது, எது அடியில் போகிறது என்ற வரிசை மறந்தால் திரும்பச் சேர்க்க முடியாது. பின்களைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, குறடால் பிடுங்க வேண்டும். ஒரு சோபாவில் எத்தனை பின் இருக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. பிள்ளைகள் ஒரு டப்பா நிறையச் சேர்த்தார்கள்.

ரெக்சினை எடுத்தோம். பெரியவர் அதைத் தட்டிக்காட்டிச் சொன்னார்: "இது பொய்த் தோலு. அசல் தோலு போட்ட சோபாவும் நெறைய பண்ணியிருக்கேன். அத வாங்கறவங்க மூந்து பாத்துட்டு, அடடா, ஒரிஜினல் வாசன அப்டிம்பாங்க." நாங்கள் சிரித்தோம். செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்துகிறவரைத் தீண்டாதவர் என்று ஒதுக்கிய சமூகம், அந்தத் தோல் வரவேற்பறைக்கு வந்ததும் முகர்ந்து பார்த்துப் பெருமைப்படுகிறது. தோலுக்குத் தீட்டுக் கழிந்துவிடுகிறது. அதைத் தொட்டு வேலை செய்த கைக்குக் கழிவதில்லை.

ரெக்சினுக்குக் கீழே நொறுங்கிப்போன ஃபோம் இருந்தது. அதற்குக் கீழே தேங்காய் நார். நாருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு சாக்கு. சாதாரண சணல் சாக்கு, சர்க்கரை மூட்டை வரும் சாக்கு. பாதி அழிந்த முத்திரைகூடத் தெரிந்தது. எங்களுக்கு ஆச்சரியம். பெரியவருக்கு ஒன்றுமில்லை. "எல்லா சோபாவுலயும் அதான். மேல வெல்வெட்டு போடு, தோலு போடு, உள்ள சாக்குதான். அது இல்லன்னா நாரு ஸ்பிரிங்குல பூந்துடும். பாரம் தாங்கறது அதுதான்."

அங்கே நின்றிருந்த பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு கதை சொன்னோம். உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். சிறுவனாகப் பள்ளியில் படித்தபோது பாபாசாகேப் மற்ற மாணவர்களோடு உட்கார முடியாது. மூலையில் தனியாக உட்கார வேண்டும். அதற்கு ஒரு சாக்குத் துண்டை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். பள்ளியைக் கூட்டும் பணியாள் அந்தச் சாக்கைத் தொடமாட்டார். அதனால் மாலையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் திரும்ப எடுத்துவர வேண்டும். ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற சிறு நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் அரசியலமைப்பு வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்ற மனிதர், பள்ளிக்கூடத்துக்குத் தன் இருக்கையைத் தானே சுமந்துபோன சிறுவனாக இருந்தார்.

ஒரு பையன் கேட்டான்: "அந்தச் சாக்கும் இதே மாதிரிதான் இருந்திருக்குமா?" அப்படித்தான் இருந்திருக்கும் என்றோம். அவன் பழைய சாக்கை மடித்து அலமாரிக்கு அடியில் வைத்துக்கொண்டான். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் நாள் சட்டத்தைச் சரிசெய்தோம். முதல் வேலை வெயில். பழைய சோபா வாங்குகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்த்துப் போட்டு, இடுக்குகளில் கொதிநீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூட்டைப்பூச்சியும் சேர்ந்து வீட்டுக்கு வரும். கரையான் இருக்கிறதா என்று மரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும், பொக்கென்று சத்தம் கேட்டால் அந்த சோபாவை வாங்கவே கூடாது. ஆடும் மூட்டுகளைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து, ஸ்க்ரூ போட்டு இறுக்கி, கயிற்றால் கட்டி ஓரிரவு விட்டோம். நடுவில் இரண்டு ஸ்பிரிங் போயிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாடா பெல்ட்டைக் கட்டில் பின்னுவது மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அடித்தோம். அதன்மேல் புதுச் சாக்கு. பழைய நாரைப் பிள்ளைகள் வெயிலில் காயவைத்து உதறிப் பிரித்ததில் பாதிக்கு மேல் திரும்பப் பயன்பட்டது. அதன்மேல் 40 டென்சிட்டி ஃபோம், நான்கு அங்குலம். பணம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் துணியில் பிடியுங்கள், ஃபோமில் பிடிக்காதீர்கள். மட்டமான ஃபோம் ஆறு மாதத்தில் அமுங்கிவிடும்.

துணிக்கு ஞாயிற்றுக்கிழமை பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனோம். ஒரு காலத்தில் பாண்டியே துணிக்குப் பேர்போன ஊர். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று மில் சங்கு கேட்டு எழுந்த தலைமுறைகள் இங்கே இருந்தன. ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் இறுதியோடு மூடப்பட்டது. பாண்டி மில்லில் நெய்த துணியில் பாண்டி சோபா என்ற கதை இனி இல்லை. எங்கிருந்தோ வந்த கெட்டியான நீலத் துணி, மீட்டர் 190 என்று பேசி எட்டு மீட்டர் வாங்கினோம்.

மூன்றாம் நாள் தையல். எங்கள் அக்கா ஒருவர் வீட்டுத் தையல் மெஷினில் தடித்த ஊசி போட்டுத் தைத்தார். முதல் உறையை வெட்டும்போது தையலுக்கு விடவேண்டிய அளவை மறந்து, ஃபோம் அளவுக்கே வெட்டிவிட்டோம். ஒரு துண்டு வீண். கடைசியில் சுவரைப் பார்க்கும் முதுகுப் பக்கத்துக்குத் துணி போதவில்லை. பழைய திரைச்சீலையைப் போட்டு அடித்தோம். திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். துணியை அடிக்கும்போது ஒரு ஓரத்திலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் நான்கு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொரு பின், பிறகு எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து நடுவிலிருந்து மூலை நோக்கி. மூலையைக் கடைசியில்தான் மடிக்க வேண்டும். பெரியவர் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே சுருக்கத்தைக் கண்டுபிடித்தார்.

முடிந்ததும் அவரை உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார், இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார், உடனே எழுந்துவிட்டார். "சரியா இருக்குது." இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்றதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பழக்கமில்லப்பா. பட்டறையில ஸ்பிரிங்கு பாக்க மட்டுந்தான் குந்துவோம். அதுக்கு மேல குந்துனா மொதலாளி பாப்பாரு." முப்பது வருடம் சோபா செய்தவர். அவர் வீட்டில் ஒரு சோபா இல்லை.

அவர் சொன்ன ‘குந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் நாம் எல்லோரும் வீட்டில் பேசுகிற சொல் அது. பள்ளிக்கூடம் போனதும் ‘உட்கார்’ ஆகிறது. மேடைக்குப் போனால் ‘அமருங்கள்’ ஆகிறது. யாருக்குத் தரை, யாருக்கு இருக்கை என்பது நாம் பேசும் சொல்லுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. சேரிக்காரர் ஊர்த்தெருத் திண்ணையில் உட்கார முடியாது என்பதை நம் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அது பழைய கதை என்று நினைப்பவர்களுக்குப் பக்கத்து மாவட்டத்தைக் காட்ட வேண்டும். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படம் 2020 அக்டோபரில் வெளியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதற்கு முந்தைய வருடம், 2019 ஏப்ரலில், உத்தராகண்டின் டெஹ்ரி கட்வால் மாவட்டத்தில் ஒரு கல்யாண வீட்டில், ஆதிக்க சாதியினர் முன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக ஒரு தலித் இளைஞரை அடித்தார்கள். சில நாளில் அவர் மருத்துவமனையில் இறந்துபோனார். அவர் ஒரு தச்சுத் தொழிலாளி.

புதுச்சேரியில் அப்படி ஒரு படம் வரவில்லையே என்று பெருமைப்பட வேண்டாம். இங்கே உள்ளாட்சி நாற்காலிகளே காலியாகக் கிடக்கின்றன. 1968க்குப் பிறகு, நீதிமன்றம் வரை போய், 2006ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் பத்து வருடத்துக்கும் மேலாகத் தேர்தல் இல்லை. 2021ல் அறிவித்ததும் நின்றுபோனது. வில்லியனூரிலும் பாகூரிலும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். நம் ஓட்டில் வந்து நமக்குரிய தனித்தொகுதி நாற்காலியில் உட்கார வேண்டிய ஆள் இல்லை.

இனி எங்கள் தவறுகளைச் சொல்கிறோம்.

சோபாவைப் போட்ட முதல் நாள், பேத்தியை அழைத்துப்போக வந்த ஆயாவை உட்காரச் சொன்னோம். எழுபதைத் தாண்டியவர். நடவும் அறுப்புமாக உழைத்த உடம்பு. "வாணாம் கண்ணு, தரையே போதும்" என்றார். எங்களில் ஒரு தோழர் ஆர்வத்தில் போனைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தார். நீல சோபாவில் ஆயா, மேலே பாபாசாகேப் படம், ஃபேஸ்புக்கில் போட்டால் எப்படி இருக்கும் என்பது எங்கள் எல்லோருடைய மனதிலும் ஓடியது, மறைக்க வேண்டியதில்லை. ஆயா கையை உதறிக்கொண்டார். "என்னா நீ, ஆடு மாடு மாரி இழுக்கற?" என்றார். எங்களுக்கு அவமானமாக இருந்தது. எங்கே உட்கார வேண்டும் என்று அவருக்கு மற்றவர்கள்தான் எழுபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அதையே செய்தோம்.

இரண்டு நாள் கழித்து அவரே பேசினார். "கூலி வாங்கப் போனா அவுங்க திண்ணையில இருப்பாங்க. நாங்க களத்துல குந்திக்கினு இருப்போம். அவுரு எழுந்தா நாங்களும் எழுந்துக்கணும். காலு மரத்துப் போனாலும் எழுந்துக்கணும்." சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து முதுகை சோபாவில் சாய்த்துக்கொண்டார். "முதுவுக்கு நல்லாருக்குது" என்றார். இன்றுவரை அவர் இடம் அதுதான். நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாவது தவறு பெரியது. ஒரு மாதம் கழித்து, மாணவர் உதவித்தொகை விஷயமாக ஓர் அதிகாரி படிப்பகத்துக்கு வந்தார். நல்ல மனிதர், நாங்கள் கூப்பிட்டுத்தான் வந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் நாங்கள் அத்தனை பேரும் எழுந்தோம். சோபாவில் இருந்த புத்தகங்களை அள்ளி ஒதுக்கினோம். ஒருவர் துண்டால் தட்டினார். அவரை நடுவில் உட்காரவைத்தோம். இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்க, நாங்கள் அரைவட்டமாக நின்றோம். "நீங்களும் உட்காருங்க" என்று அவர் இரண்டு முறை சொன்னார். "பரவாயில்லைங்க சார்" என்று நாங்கள் இரண்டு முறை சொன்னோம். அவருக்கே சங்கடமாகிவிட்டது. சீக்கிரம் பேசிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பாயில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கிக் கேட்டாள்: "அக்கா, அது மூணு பேரு குந்தற சோபாதான? அவுரு ஒருத்தர்தான வந்தாரு?"

யாரும் பதில் சொல்லவில்லை.

மார்செல் மாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1934ல் ஓர் உரையில், நடப்பது, நீந்துவது, குந்துவது எல்லாமே சமூகம் உடம்புக்குக் கற்றுக்கொடுத்தவை என்று சொன்னார். எம்.ஏ. தேர்வில் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். தெற்குத்திட்டைப் படத்தைப் பார்த்துக் கொதித்து அறிக்கை எழுதியவர்கள். எங்களை யாரும் நிற்கச் சொல்லவில்லை. உட்காரச் சொன்னவரிடம்கூட மறுத்தோம். களத்துமேட்டில் ஆயாவின் உடம்பு கற்ற பாடம், பட்டம் வாங்கிய எங்கள் உடம்புக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மரியாதைக்காக எழுந்தோம் என்று சமாதானம் சொல்லலாம். ஒருவர் வரும்போது எழுந்து வணக்கம் சொல்வது மரியாதை. அவர் உட்கார்ந்த பிறகும் காலி இடத்தை விட்டுவிட்டு நிற்பது மரியாதை இல்லை.

அன்று இரவு உட்கார்ந்து பேசி இரண்டு முடிவு எடுத்தோம். சோபா யாருக்கும் ஒதுக்கப்பட்டதில்லை, முன்னால் வருகிறவர் உட்காரலாம், மூன்று பேர் நிறையும்வரை யாரும் நிற்கக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைக்கக் கூடாது, எப்போதும் விரித்தே கிடக்க வேண்டும். இப்படி முடிவெடுத்ததால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டோம். சென்ற வாரம் ஒரு தலைமை ஆசிரியர் வந்தபோது எங்களில் இருவர் பாதி எழுந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, திரும்ப உட்கார்ந்தோம். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சு நடந்தது. அவ்வளவுதான்.

கேட்டவர்களுக்காகக் கணக்கு:

பழைய சோபா – ரூ. 1,500
குட்டியானை வாடகை – ரூ. 600
ஃபோம், மூன்று இருக்கைக்கு – ரூ. 2,100
துணி, 8 மீட்டர் – ரூ. 1,520
நாடா பெல்ட் – ரூ. 400
சாக்கு, இரண்டு – ரூ. 80
பசை, பின், ஸ்க்ரூ, நூல், ஜிப் – ரூ. 650
டீ, பஜ்ஜி – ரூ. 350
பெரியவர் கூலி, மூன்று நாள் – ரூ. 2,700
மொத்தம் – ரூ. 9,900

ஸ்டேப்லர் கன் பெரியவருடையது, அதற்குச் செலவில்லை. அவர் அதைப் படிப்பகத்திலேயே விட்டுப்போயிருக்கிறார். தையல் செய்த அக்காவுக்கு நாங்கள் கூலி கொடுக்கவில்லை என்பதை இந்தக் கணக்கை எழுதும்போதுதான் கவனித்தோம். பெரியவரிடம் அவ்வளவு பேசிய நாங்கள், பெண் செய்தால் அதை வேலையாகவே எண்ணவில்லை. இதையும் சேர்த்தால் தவறு மூன்று. அவருக்குரியதை இந்த மாதம் கொடுக்கிறோம், பட்ஜெட் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது.

உங்கள் ஊரில் படிப்பகம் நடத்துகிறவர்கள் யாராவது பழைய சோபா, பெஞ்சு, நாற்காலி வைத்திருந்தால் சொல்லுங்கள். ஸ்டேப்லர் கன்னோடு பெரியவரும் வருகிறேன் என்கிறார். கூலி பேசிவிட்டு அழையுங்கள். வேலை முடிந்ததும் அவரைக் கொஞ்ச நேரம் உங்களோடு உட்காரச் சொல்லுங்கள். மறுத்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

ஜெய் பீம்.